அப்பாவுக்கு 76, மகளுக்கு 15, கையில் 3 லட்சம்: எந்தக் கப்பல் பயணம் சரிவரும்?

செம்பூர் மூன்றாம் மாடி | நவம்பர் 8, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 50 வருடம் நிறைகிறது. ஊரில் மண்டபம் பிடித்துச் செய்யலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். "ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டாயிற்று, என்னை ஒரு தடவை கப்பலில் கூட்டிக்கொண்டு போ" என்கிறார். மும்பைக்கு வந்து 48 வருடம் ஆகிறது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் படகில் ஒரே ஒரு முறை போனதோடு சரி. அப்பா துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் 33 வருடம் இருந்தவர். உள்ளே வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் பைலட் (துறைமுகத்துக்குள்ளும் வெளியேயும் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) கட்டணம், பெர்த் (கப்பல் நிற்கும் இடம்) வாடகை என்று பில் எழுதியவர், ஆனால் எந்தக் கப்பலிலும் ஏறிப் போனதில்லை.

நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்கு 76, முழங்கால் வலி, தடி ஊன்றித்தான் நடை, பிரஷருக்கு நீர் மாத்திரை எடுக்கிறார். அம்மாவுக்கு 71, சர்க்கரை உண்டு, மற்றபடி திடம். அப்புறம் நான், மனைவி, மகள் 15, மகன் 8. எல்லோரும் சைவம். கையில் 3 லட்சம் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் இன்னும் 25 ஆயிரம்.

மூன்று வழிகளை விசாரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, மும்பையில் ஏறி கோவா போய்த் திரும்பும் 2 இரவு. இரண்டு, லட்சத்தீவு வரை போய் வருவது. மூன்று, சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து 3 இரவு. மனைவிக்கும் மகளுக்கும் சிங்கப்பூர்மேல்தான் ஆசை. மகனுக்குத் தண்ணீர்ச் சறுக்கு இருந்தால் போதும். அப்பா வாயே திறக்கவில்லை. போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தாராவி 90 அடி ரோடு | நவம்பர் 8, இரவு 11.05

அண்ணா, கோவாவுக்கு இரண்டு ராத்திரி என்பது ஓட்டல் அறையைக் கடலில் மிதக்கவிட்ட மாதிரி. சாப்பாடு, பாட்டு, டான்ஸ், சூதாட்ட மேசை, அவ்வளவுதான். இந்தப் பணத்துக்கு லட்சத்தீவுதான் சரி. அதுவும் சொகுசுக் கப்பல் வேண்டாம். லட்சத்தீவு நிர்வாகமே கொச்சியிலிருந்து 'சமுத்திரம்' என்று 5 நாள் பயணம் நடத்துகிறது. எம்.வி. கவரத்தி கப்பல். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறக்கிச் சுற்றிக்காட்டிச் சாப்பாடும் போடுவார்கள், இரவில் கப்பலில் தூக்கம். நான் போன வருடம் போனேன். மினிக்காயில் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து பார்த்த தண்ணீர் நிறம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதை அவர்களே செய்து தருவார்கள்.

கப்பல் சமையல் | நவம்பர் 9, காலை 6.40

நான் தூத்துக்குடிக்காரன், இப்போது வாஷியில் இருக்கிறேன். 11 வருடம் பயணக் கப்பல்களில் அடுப்படி வேலை பார்த்தவன். கரீபியன், மத்தியதரைக் கடல், அலாஸ்கா மூன்று பக்கமும் ஓடியிருக்கிறேன்.

90 அடி ரோடு தம்பி சொன்ன பயணம் அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவர் அப்பாவுக்கு அது ஆகாது. லட்சத்தீவில் பெரிய கப்பல் பெரும்பாலும் கரையைத் தொடாது. தீவைச் சுற்றி ஆழம் குறைந்த பவளப்பாறை இருப்பதால் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில்தான் ஆட்களை இறக்குவார்கள். அலை மேலே தூக்கும்போது இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பிடித்து, சரியான நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். தடி ஊன்றும் 76 வயதுக்காரரை அதில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். உலகம் முழுவதும் இப்படிப் படகில் இறக்கும் ஊர்கள் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கப்பல் கரையில் கட்டுமா, கடலில் நிற்குமா?

இரண்டாவது, உங்கள் வீட்டில் யாருக்கும் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாது. 3 லட்சம் கட்டிவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ்ச்சா தக்கா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகும் ரோ-ரோ படகில் (வண்டிகளையும் ஏற்றிப்போகும் பெரிய படகு) ஆறு பேரும் ஏறுங்கள். ஒரு மணி நேரம்தான். போய் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். பெரிய கப்பல் அதைவிட நிதானமாகத்தான் ஆடும், இருந்தாலும் யார் முகம் வெளுக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டோம்பிவிலி ஈஸ்ட் | நவம்பர் 9, காலை 9.15

நாங்கள் கோவா 2 இரவு போனோம். மாமியாருக்கு அப்போது 69, பையன்களுக்கு 9. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பால்கனி அறைக்காகத் தலைக்கு ஏழாயிரம் கூடுதலாகக் கொடுத்தோம். மாமியார் அந்தப் பால்கனியில் இரண்டே முறைதான் நின்றார். மற்ற நேரமெல்லாம் மேல் டெக்கில் ஆட்களோடு உட்கார்ந்திருக்கவே அவருக்குப் பிடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருக்கிறவருக்குத்தான் பால்கனி. எப்போதும் நாலு பேர் நடுவில் இருக்க விரும்புகிறவருக்கு ஜன்னல் அறையே தாராளம்.

இரண்டாவது, அறை எங்கே என்று பார்க்காமல் எடுத்துவிட்டோம். நடைபாதையின் கடைசி அறை. கப்பல் நடைபாதை நம் சொசைட்டி காரிடார் மாதிரி இல்லை, நம் லோக்கல் ஸ்டேஷன் பிளாட்பாரம் மாதிரி நீளம். மாமியார் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் வந்தார். அந்த இரண்டு நாளும் எனக்கு அதுதான் உறுத்தல். லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி எடுங்கள். லிஃப்டை ஒட்டியே எடுத்தால் இரவெல்லாம் பேச்சுச் சத்தம்.

கப்பல் சமையல் | நவம்பர் 9, காலை 11.30

டோம்பிவிலி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். தராசைப் பாருங்கள், தட்டுகள்தான் ஏறி இறங்கும், நடுவில் கோலைத் தாங்கும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். கப்பலும் அப்படித்தான். அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) ஆட்டம் அதிகம், மேல் தளங்களிலும் அதிகம். நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம், அங்கே ஜன்னல் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. தள வரைபடத்தில் இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது? பஃபேக்கு நேர் கீழே இருந்தால் காலை ஐந்து மணிக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அந்த நாற்காலியை இழுத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி.

கப்பலின் அளவும் முக்கியம். 2021 முதல் மும்பையிலிருந்து ஓடும் எம்ப்ரஸ் 1990இல் கட்டிய கப்பல், 48,500 டன் சொச்சம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஜென்டிங் டிரீம் 2016இல் வந்தது, 1,50,000 டன், 18 தளம், மூவாயிரத்துக்கும் மேல் பயணிகள். (இந்த டன் எடைக் கணக்கு இல்லை, உள்ளே எவ்வளவு இடம் என்ற கணக்கு.) பெரிய கப்பலில் குழந்தைகளுக்கு விளையாட்டு அதிகம், ஆட்டம் குறைவு. ஆனால் சாப்பாட்டு இடத்துக்கும் அறைக்கும் நடை அதிகம், வரிசையும் நீளம். சின்னக் கப்பலில் பெரியவர்கள் இரண்டாம் நாளே வழி பழகிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு நல்லது எதுவோ அது உங்கள் அப்பாவுக்கு நல்லதில்லை. யாருக்காகப் போகிறீர்கள் என்று முதலில் வீட்டில் முடிவு செய்யுங்கள்.

மாட்டுங்கா மாமி | நவம்பர் 9, மாலை 4.50

எனக்கு 66. மூன்று முறை கப்பலில் போயிருக்கிறேன், மூன்றும் நாத்தனாரோடு. தனியாகப் போனால் ஒரு ஆளே இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டிவரும், அதனால் அறைக்கு ஒரு துணை பார்த்துக்கொள்வது நல்லது.

எதை ரசிப்பீர்கள் என்பதை வைத்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். எனக்குக் கோயிலும் பழைய ஊரும் வேண்டும், விருந்தும் கூத்தும் வேண்டாம். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போனோம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே கட்டுகிறது. இறங்கிப் பொடிநடையாகப் போனால் லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில். அம்பாளைப் பார்த்து, பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். வண்டி, கைடு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஊரும் அப்படி இல்லை. பாங்காக் என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பது லேம் சபாங்கில், அங்கிருந்து இரண்டு மணி நேரச் சாலை. ரோம் என்றால் சிவிடாவெக்கியா, அதுவும் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஊர் பெயரைப் பார்க்காதீர்கள், துறைமுகத்தின் பெயரைக் கேட்டு மேப்பில் தூரம் பாருங்கள். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விட்டால் பெரியவர்களுக்கு என்ன மிஞ்சும்?

எனக்கு மிகவும் பிடித்தது கடலே இல்லை, நைல் நதி. லக்ஸரிலிருந்து அஸ்வான் வரை நாலு இரவு. கோம் ஓம்போ கோயில் கரையிலேயே, எட்ஃபு கோயில் கரையிலிருந்து கொஞ்ச தூரம். ஆறு அசையவே இல்லை, தம்ளரில் வைத்த காபி தளும்பவில்லை. எஸ்னா என்ற இடத்தில் மதகு திறக்கக் கப்பல் காத்துநிற்கும். அப்போது சின்னப் படகுகளில் வியாபாரிகள் சுற்றிவந்து, மேசைவிரிப்பைப் பாலிதீன் பையில் சுருட்டி மேல் தளத்துக்கு வீசுவார்கள். வேண்டுமென்றால் அதே பையில் காசைப் போட்டுத் திருப்பி எறிய வேண்டும், வேண்டாமென்றால் விரிப்பை எறிய வேண்டும். நாத்தனார் பேரம் பேசி ஒன்று வாங்கினாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதுதான் கிடக்கிறது.

கடல் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு ஆறுதான் என் யோசனை. நம் நாட்டிலும் உண்டு. 2023 ஜனவரியில் காசியிலிருந்து திப்ருகர் வரை 51 நாள், 3,200 கிலோமீட்டர் ஓடிய கங்கா விலாஸ் கப்பலில் மொத்தமே 36 பயணிகளுக்குத்தான் இடம். விலை நமக்கு எட்டாது. ஆனால் கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் அதைவிடக் குறைந்த நாட்களுக்கும் பயணங்கள் இருக்கின்றன.

முலுண்ட் கணக்கு | நவம்பர் 9, இரவு 9.30

பணத்தைப் பற்றிப் பேசுவோம். விளம்பரத்தில் இருப்பது கட்டணத்தின் ஒரு பகுதிதான். 2023இல் நாங்கள் நாலு பேர் போனபோது ஒரு ஏஜென்ட் தலைக்கு 21,000 என்றார். முன்பணம் கட்டிய பிறகு துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., டிப்ஸ் என்று ஒவ்வொன்றாக ஏறி 29,400இல் நின்றது. எழுத்தில் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். "எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கு மொத்தம் எவ்வளவு, எது சேராது" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வாங்கிவைத்துக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டுக் கப்பல்களில் டிப்ஸ் தனி. அமெரிக்கக் கம்பெனிகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாகவே ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. 18 டாலர் என்று வைத்தால் நாலு பேர், ஏழு நாள், 504 டாலர். டிக்கெட் வாங்கும்போது இது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதோடு வைஃபை, குளிர்பானம், கரையில் சுற்றிப் பார்க்க வண்டி, போட்டோ. சாப்பாடு சேர்ந்தது என்பார்கள், சரிதான், ஆனால் தனி உணவகங்களுக்குத் தனிக் காசு.

ஒரே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் நன்றாகக் குறையும். நீங்கள் நாலு பேர் ஒரு அறை, பெரியவர்கள் ஒரு அறை என்று எடுங்கள். சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல்படுக்கையில் பிள்ளைகள் படுப்பார்கள்.

சிங்கப்பூர் கணக்கு: விமானம், விசா, கப்பலுக்கு முந்தின இரவு ஓட்டல், கப்பல், எல்லாம் சேர்த்து எங்கள் குடும்பத்துக்குத் தலைக்கு 78,000 ஆனது. உங்கள் ஆறு பேருக்கு அது 4 லட்சத்து 68 ஆயிரம். கப்பல் கிளம்பும் அன்று காலை விமானத்தில் போய் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பயணம் எடுத்தால் டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே முன்கூட்டி வாங்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில்தான் ஏறும், ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டிய பணம் அதுவும்தான்.

காட்கோபர் புதுசு | நவம்பர் 10, காலை 8.00

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். மனைவிக்கு இப்போது நாலாவது மாதம். டிசம்பர் கடைசியில் போகலாமா?

கப்பல் சமையல் | நவம்பர் 10, காலை 8.25

வாழ்த்துகள் தம்பி. பெரிய கம்பெனிகள் பலவற்றில் பயணம் முடியும் நாளுக்குள் 24ஆவது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் நாளை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், திரும்பும் நாளை வைத்துப் போடுங்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு டிசம்பர் கடைசி இடிக்கலாம். டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். குழந்தை பிறந்த பிறகு என்றால் பொதுவாக 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், நாள்கணக்காக நடுக்கடலிலேயே போகும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. கப்பலில் டாக்டர் இருப்பார். பிரசவம் பார்க்கும் வசதி இருக்காது.

செம்பூர் மூன்றாம் மாடி | நவம்பர் 16, இரவு 8.45

கப்பல் சமையல் அண்ணன் சொன்னபடி இன்று மாண்ட்வா போய் வந்தோம். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. அம்மா மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றார். அப்பா தடியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே போன ஒவ்வொரு கப்பலையும், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, இது என்ன சரக்கு, எந்தக் கொடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை பேச்சு அவரிடமிருந்து கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று மனைவி கேட்டாள். வாந்தி எடுத்தது மகள்தான். கீழே ஏ.சி. அறையில் மொபைலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், நாற்பது நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டது. திரும்பும்போது மேலே காற்றில் உட்காரவைத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

ஐரோலி சிஸ்டர் | நவம்பர் 16, இரவு 9.30

நான் மருத்துவமனையில் நர்ஸ். மகளை மொபைலை விட்டுவிட்டுத் தூரத்தில் கடலும் வானமும் தொடும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு அசையாதது என்று தெரிவதை, உள்காது அசைகிறது என்று சொல்லும்போதுதான் குமட்டுகிறது. வெறும் வயிற்றிலும் ஏற்ற வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம்.

அவோமின் மாதிரி மாத்திரைகள் கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் வேலை செய்யும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த வயதில் மயக்கம், தடுமாற்றம் வரலாம், ப்ராஸ்டேட் தொந்தரவு இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். அவருக்கு நீர் மாத்திரை வேறு. கப்பல் ஏறும் நாளில் வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும், அன்று மாத்திரை எப்போது போடுவது என்றும் டாக்டரிடம் கேளுங்கள். சக்கர நாற்காலி முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். கப்பல் மருத்துவ அறையில் காட்டினால் தனிக் கட்டணம், அதனால் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள்.

தாராவி 90 அடி ரோடு | நவம்பர் 17, காலை 7.10

படகில் இறங்குவதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா, என் கால் தெம்பை வைத்துச் சொல்லிவிட்டேன். லட்சத்தீவு உங்களுக்கு வேண்டாம். ஆனால் என் மாதிரிப் பசங்களுக்கு இன்னும் அதுதான் என் பதில். எனக்கே ஒரு கேள்வி: நண்பர்கள் நாலு பேர், தலைக்கு 20,000, அடுத்து எங்கே போகலாம்?

கப்பல் சமையல் | நவம்பர் 17, மதியம் 2.15

நாலு பேர் சேர்ந்து ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்று, வார நாளில், பள்ளி விடுமுறை இல்லாத மாதத்தில் பாருங்கள். உங்கள் வயதில் அறைக்குத் தூங்க மட்டும்தான் வருவீர்கள். கடல்தான் வேண்டும் என்றால் சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று நாள். சொகுசு எதிர்பார்க்காதீர்கள், பங்க் படுக்கை, அளவுச் சாப்பாடு. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி எந்தப் பக்கமும் ஒரு விளக்கு இல்லாத கடலைப் பார்ப்பீர்கள். கோவா பயணத்தில் அது கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கம் யோசனையே வேண்டாம், கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) நேரம். மும்பைப் பயணங்கள் மழைக்காலத்தில் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

டோம்பிவிலி ஈஸ்ட் | நவம்பர் 17, மாலை 6.00

ஏறியதும் எல்லோரும் மொபைலை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் பில் பயங்கரமாக வரும். எங்கள் பையன் வீடியோ பார்த்ததில் எங்களுக்கு வந்தது.

செம்பூர் மூன்றாம் மாடி | நவம்பர் 18, இரவு 10.50

வீட்டில் இன்னும் இழுபறிதான். மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "இத்தனை வருடத்தில் எங்கேயும் போகவில்லை, கடன் வாங்கியாவது சிங்கப்பூர் போய்விட்டால் பெரியவர்களுக்கும் ஆயிற்று, பிள்ளைகளுக்கும் ஆயிற்று" என்கிறாள்.

மாட்டுங்கா மாமி | நவம்பர் 19, காலை 10.00

உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவள் ஆசை தப்பே இல்லை. ஆனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினால் இரண்டும் கிடைக்காது. சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் நடந்து, ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கி, மறுபடி வரிசையில் நின்று கப்பல் ஏறுவதற்குள் உங்கள் அப்பாவின் தெம்பு தீர்ந்துவிடும். அவரைப் பார்த்துக்கொள்வதில் அவளுடைய பயணமும் போய்விடும். இது மாமனார் மாமியாருக்கான பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் பத்தாம் வகுப்பு முடிந்ததும் நீங்கள் நாலு பேரும் சிங்கப்பூர் போங்கள், அப்போது சறுக்கு, ஷோ எல்லாம் பெரிய கப்பலிலேயே பார்க்கலாம். அதற்கு இன்றே ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) ஆரம்பித்து உங்கள் மனைவி கையில் கொடுங்கள். வெறும் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது.

கப்பல் சமையல் | நவம்பர் 19, மதியம் 1.20

கோவா போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். கப்பல் மர்மகோவாவில் நிற்கும் பகலில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். பெரியவர்களை இறக்காதீர்கள். கப்பலிலேயே அமைதியான நேரம் அதுதான்: டெக்கில் நாற்காலி கிடைக்கும், லிஃப்ட் காலியாக இருக்கும், சமையல்கட்டில் இருப்பவர்களுக்கே பேச நேரம் இருக்கும். எங்கள் அடுப்படியில் வயதான பயணிகளுக்குப் பிடித்ததைச் செய்துகொடுத்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். மிளகு ரசம் வேண்டும் என்று கேளுங்கள், செய்வார்கள்.

எச்சரிக்கை மணி அடித்துப் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அலுப்புப்படாமல் ஆறு பேரும் போங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. கிளம்புவதற்கு முன்னால் அல்லது கிளம்பிய உடனே பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி மாறியது அதற்குப் பிறகுதான். உங்கள் அறையிலிருந்து கூடும் இடத்துக்கு அப்பாவை எந்தப் படிக்கட்டில் கூட்டிப்போவது என்று அன்றே நடந்து பார்த்துவிடுங்கள். ஆபத்தில் லிஃப்ட் கிடையாது.

செம்பூர் மூன்றாம் மாடி | டிசம்பர் 2, இரவு 9.40

முடிவு செய்துவிட்டோம். பிப்ரவரியில், வார நாளில், கோவா 2 இரவு. பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் நடுவில் ஜன்னல் அறை, லிஃப்டிலிருந்து ஐந்தாவது கதவு. எங்களுக்கு அதே தளத்தில் உள் அறை. முலுண்ட் கணக்கு ஐயா சொன்னபடி எழுத்தில் வாங்கினேன்: எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கு 1 லட்சத்து 63 ஆயிரம். மிச்சத்தில் ஆர்.டி. போட்டாயிற்று, பாஸ்புக் மனைவியிடம்.

செம்பூர் மூன்றாம் மாடி | பிப்ரவரி 21, இரவு 11.15

போய் வந்தோம். இந்த இழையில் எழுதிய ஒவ்வொருவருக்கும் கைகூப்புகிறேன்.

மகளுக்கு முதல் நாள் இரவு கொஞ்சம் குமட்டியது, மேல் டெக்கில் காற்றில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. மகனுக்கு நீச்சல் குளமும் ஐஸ்கிரீமும் போதுமானதாக இருந்தன. கோவாவில் நாங்கள் நாலு பேர் மட்டும் இறங்கினோம். திரும்பி வந்து பார்த்தால் அம்மா சமையல்காரர் ஒருவரோடு உட்கார்ந்து ரசத்துக்குப் பொடி எப்படி இடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விருதுநகர்ப் பையனாம். மறுநாள் எங்கள் மேசைக்கு ரசம் தனியாக வந்தது.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததைத்தான் இங்கே எழுத வேண்டும் என்றிருந்தேன். கப்பல் கிளம்பியதும் அப்பாவை மேல் டெக்கில் கம்பியோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கொலாபா பக்கம் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் ஏற்றிவிட்டார்கள். பாட்டு ஆரம்பித்து எல்லோரும் குளத்துப் பக்கம் போய்விட்டார்கள். வெளிக்கடலை நெருங்கியதும் ஒரு சின்னப் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்திலேயே ஓடிவந்தது. அப்பா எழுந்து நின்றார், தடி இல்லாமல். கீழே கப்பலின் வயிற்றில் ஒரு கதவு திறந்தது, அதிலிருந்து கயிற்றேணி தொங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதில் இறங்கி, அலை படகை மேலே தூக்கிய நொடியில் கால் வைத்துத் தாவினார். கைகாட்டிவிட்டு உள்ளே போனார், படகு திரும்பி மும்பைப் பக்கம் போயிற்று.

"பைலட்" என்றார் அப்பா. "முப்பத்திமூன்று வருடம் இவருக்குத்தான் பில் போட்டேன். இப்படித்தான் இறங்குவார் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அம்மா அவர் தடியை எடுத்துக் கையில் கொடுத்தார். இருட்டும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

மொத்தச் செலவு, கப்பலில் வாங்கியதும் சேர்த்து, 1 லட்சத்து 71 ஆயிரத்து 800. மாமி, காபி மட்டும் நமக்கு ஒத்துவராது, உடனே கரைக்கும் தூள் ஒரு பாக்கெட் கொண்டுபோங்கள், வெந்நீர் கேட்டால் தருகிறார்கள்.